பிளெயின்ஸ் பள்ளியின் 1941-ஆம் வருஷ வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேம்ப் டேவிட் ஒப்பந்தம், ஈரான் பணயக் கைதிகள், 2002-ல் கிடைத்த நோபல் அமைதிப் பரிசு, வயதான பிறகும் சுத்தியல் பிடித்து ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தது என எல்லாம் இருந்தது. அவர் படித்த பள்ளிக்கு மட்டும் ஒரே ஒரு வரி: சொந்த ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தார், அவ்வளவுதான். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே காலம் கழித்தவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனசு கேட்கவில்லை. கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் இருக்கிறது பிளெயின்ஸ். சுமார் 600 பேர் வாழும் ஊர். ரயில் பாதையை ஒட்டி ஒரு வரிசைக் கடைகள், சுற்றிலும் நிலக்கடலையும் பருத்தியும். 1921-ல் கட்டிய செங்கல் கட்டடத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை எல்லா வகுப்பும் நடந்தன. அந்தக் காலத்தில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு கிடையாது. கார்ட்டரின் செட் 1930-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து 1941-ல் பள்ளியை முடித்தது. இந்த இரண்டு வருஷங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது 1929 அக்டோபரில். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது 1941 டிசம்பரில். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன நாள் முதல் சான்றிதழ் வாங்கிய நாள் வரை அந்தப் பிள்ளைகள் பார்த்தது, வேலையும் விலையும் விழுந்து கிடந்த பெருமந்தக் காலம் ஒன்றைத்தான். நல்ல காலம் எப்படி இருக்கும் என்பதைப் பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

1929-ல் ஒரு பவுண்டு பருத்திக்கு 16, 17 சென்ட் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அது 5, 6 சென்ட்டுக்கு விழுந்துவிட்டது. நாள் முழுக்க வயலில் நின்றால் ஆணுக்குக் கூலி ஏறத்தாழ ஒரு டாலர். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. கார்ட்டரின் அப்பா சொந்த நிலம் வைத்திருந்தவர், அந்த வட்டாரத்தில் வசதியானவர் என்றே சொல்லலாம். அவர்கள் குடியிருந்தது ஊருக்கு மேற்கே ஆர்ச்சரி என்ற குக்கிராமத்தில். அந்த வீட்டுக்கே மின்சாரம் வந்தது 1938-ல்தான். மகள் அட்லாண்டாவில் இருப்பதால் அந்தப் பக்கம் போனபோது அந்த வீட்டையும் பார்த்தேன். குளியலறையில் அடிப்பக்கம் ஓட்டை போட்ட ஒரு தகரப் பாத்திரம் தொங்குகிறது. அவர்களுக்கு அதுதான் ஷவர்.

வீட்டுக்கு எதிரிலேயே ரயில் பாதை. சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் இறங்கி வந்து சாப்பாடு கேட்பார்களாம். கார்ட்டரின் அம்மா லில்லியன் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இத்தனை வீடு இருக்க இங்கேயே ஏன் வருகிறார்கள் என்று பார்த்தால், அலைபவர்கள் தங்களுக்குள் புரிகிற மாதிரி தபால் பெட்டிக் கம்பத்தில் ஒரு அடையாளம் கீறி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் விரட்ட மாட்டார்கள் என்று அர்த்தம். அதை யாரும் அழித்துவிடாதீர்கள் என்று அம்மா பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாராம். அமெரிக்கா முழுக்க அப்படி ரயிலேறி அலைந்தவர்களில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுப் பிள்ளைகளும் ஏராளம்.

இன்னொரு பக்கம், அதே காலத்தில்தான் பள்ளியை முடிப்பவர்கள் கூடினார்கள். 1930-ல் அமெரிக்காவில் பதினேழு வயசுப் பிள்ளைகளில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 100-க்கு 29 பேர்தான். 1940-ல் பாதிப் பேர் முடித்தார்கள். வெளியே போனால் வேலை இல்லை என்பது பெரிய காரணம். ஆனால் அது மட்டுமே போதாது என்பது என் அனுபவம். பிள்ளையை வகுப்பில் இருத்தி வைக்க உள்ளே ஒருவர் வேண்டும். பிளெயின்ஸில் அது மிஸ் ஜூலியா கோல்மன்.

இவரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கால் சற்றுத் தாங்கி நடப்பார், கண் பார்வையும் மங்கல். ஆங்கிலம் சொல்லித்தந்தார், பள்ளி நிர்வாகத்தையும் பார்த்தார். கடலைக் காட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் கவிதை மனப்பாடம், விவாத மேடை, ஓரங்க நாடகம், ஓவியம், சாஸ்திரிய இசை எல்லாவற்றையும் அறிமுகப்படுத்தினார். இதெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. இத்தனை புத்தகம் படித்தால் வெள்ளி நட்சத்திரம், இன்னும் அதிகம் படித்தால் தங்க நட்சத்திரம். கார்ட்டருக்கு 12 வயசு இருக்கும்போது கூப்பிட்டு, நீ 'போரும் அமைதியும்' படிக்கிற நேரம் வந்துவிட்டது என்றார். பையனுக்கு ஒரே குஷி. தலைப்பைக் கேட்டதும் கௌபாய் சண்டைக் கதை என்று நினைத்துவிட்டான். நூலகத்தில் போய்ப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் பக்கம், அதுவும் ரஷ்யாவைப் பற்றி! இருந்தாலும் படித்து முடித்தான். அப்புறம் ஆயுள் முழுக்க அந்த நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார் அவர்.

நம் பிள்ளைகளில் ஒருவரேகூட நாளைக்கு நாட்டின் ஜனாதிபதி ஆகலாம் என்று மிஸ் ஜூலியா வகுப்பில் சொல்வது வழக்கமாம். பெருமந்தக் காலத்தில், மின்சாரம் இல்லாத வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்து ஒரு டீச்சர் அதைச் சொல்லியிருக்கிறார். 1977 ஜனவரி 20-ஆம் தேதி பதவியேற்ற கார்ட்டர், தன் உரையில் அந்த டீச்சரின் பெயரைச் சொன்னார். மாறுகிற காலத்துக்கு ஏற்ப நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும், மாறாத நெறிகளைப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்று மிஸ் ஜூலியா சொல்வார் என்றார். ஆஸ்லோவில் நோபல் பரிசு வாங்கிய மேடையிலும் அதே பெயர். எத்தனை நாட்டுத் தலைவர்கள் தங்கள் பள்ளி ஆசிரியரை இப்படி உலகத்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்?

கார்ட்டர் மட்டுமல்ல. மூன்று வருஷம் கழித்து, 1944-ல் அதே பள்ளியில் முதல் மாணவியாகத் தேறியவர் ரோசலின் ஸ்மித். பின்னாளில் கார்ட்டரை மணந்து ரோசலின் கார்ட்டர் ஆனவர். 13 வயசில் அப்பாவை இழந்தவர். நாலு பிள்ளைகளில் மூத்தவர். அம்மா துணி தைத்துக் குடும்பத்தை நடத்தினார், இவரும் கூட உட்கார்ந்து தைத்தார். வீட்டுக்கு மூத்த பெண், அப்பாவும் இல்லை என்றால் படிப்பை நிறுத்துவதுதான் எங்கும் நடக்கிற கதை. அப்படிப் பாதியில் நின்ற என் மாணவிகளின் முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ரோசலின் விஷயத்தில் அது நடக்கவில்லை.

சரி, இதோடு முடித்தால் நெஞ்சறிந்து பாதியை மறைத்ததாகிவிடும். அந்த வகுப்பில் இருந்த எல்லாருமே வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஆர்ச்சரியில் கார்ட்டரோடு மீன் பிடித்து, பருத்தி எடுத்து, ஒன்றாக விளையாடி வளர்ந்த தோழர்கள் கறுப்பினப் பிள்ளைகள். காலையில் அவர் பேருந்தில் பள்ளிக்குப் போவார், அவர்கள் வேறு பள்ளிக்கு நடந்து போவார்கள். 14 வயசு வாக்கில் நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். மூன்று பேராக வயலிலிருந்து வருகிறார்கள். மேய்ச்சல் நிலத்துப் படல் வந்ததும் அந்த இரண்டு நண்பர்களும் அதைத் திறந்து, ஒதுங்கி நின்று, இவரை முதலில் போகச் சொன்னார்கள். கம்பி ஏதோ கட்டி விழவைக்கப் பார்க்கிறார்கள், விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தார். அது விளையாட்டு இல்லை. இனிமேல் சமமில்லை என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து வர இன்னும் பல வருஷம் ஆயிற்று. வந்தபோதும், உள்ளே இருப்பவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்படி முன் மட்கார்டுகளுக்குக் கறுப்புச் சாயம் பூச வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் விதித்ததாம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மிஸ் ஜூலியாவை நான் மதிக்கிறேன், மனசாரக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் கொடுத்ததெல்லாம் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவருடைய மாணவருக்கு இது புரிய வருஷங்கள் ஆயின. 1950-களின் நடுவில் மாவட்டக் கல்விக் குழுவில் கார்ட்டர் உறுப்பினரானார். பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தபோதுதான், வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த பழைய புத்தகங்கள் கறுப்பினப் பள்ளிகளுக்குப் போவதைக் கண்டார். 1971-ல் ஜார்ஜியா ஆளுநராகப் பதவியேற்ற அன்று, இன வேற்றுமையின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஏழை, கிராமத்துக்காரர், எளியவர், கறுப்பினத்தவர் என்பதற்காகக் கல்வியோ வேலையோ நீதியோ யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தில் கல்வி முதலில் வருவதைக் கவனித்தேன்.

பள்ளி 1979-ல் மூடப்பட்டு, 1996-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. உள்ளே ஒரு வகுப்பறையை 1930-கள் பாணியிலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அட்லாண்டா போகிற நம் வாசகர்கள் இப்போது நிறையப் பேர். அங்கிருந்து தெற்கே இரண்டரை, மூன்று மணி நேரக் கார் பயணம்தான், நுழைவுக் கட்டணமும் இல்லை. போனால் ஆர்ச்சரி வீட்டையும் விட்டுவிடாதீர்கள். பள்ளியை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். இடம் இருந்தால் மிஸ் ஜூலியா கோல்மனைப் பற்றி உங்கள் இதழில் ஒரு பக்கமாவது தனியாக வெளியிடுங்கள். ஆசிரியர் தினத்துக்கு முந்தைய இதழில் வந்தால் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் எடுத்துப் படிக்க நானே ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
தேனி