ஞாயிறு கூட்டம்: ஒழுங்கு நடவடிக்கையும் பணியாளர் மனநிலையும்

மருத்துவமனை நிர்வாகவியல் முன்னாள் மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊசி மருந்தின் அளவைத் தவறாகக் குறித்த செவிலியர் ஒருவருக்குக் கொடுத்த மெமோவை, சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையில் காலை 7 மணி ஷிப்ட் ஒப்படைப்பின்போது எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். அதன்பின் அந்த வார்டில் சிறு தவறுகளைப் பதிவேட்டில் எழுதுவதே நின்றுபோனது. (தவறுகள் நின்றுவிட்டன என்று எண்ண வேண்டாம்.) இதுகுறித்துப் பேச, வரும் ஞாயிறு 15ஆம் தேதி மாலை 4 மணிக்கு இணையவழியில் கூடுகிறோம்.

1. கைத்தவறு, பழக்கமாகிவிட்ட குறுக்குவழி, தெரிந்தே செய்த அலட்சியம் ஆகியவற்றை உங்கள் நிர்வாகம் எவ்வாறு பிரித்துப் பார்க்கிறது என்பதற்கு ஓர் உதாரணத்துடன் வாருங்கள், பெயர்கள் வேண்டாம்.

2. விளக்கம் கோரும் கடிதம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஆகியவற்றின் மாதிரிகளை வெள்ளிக்குள் பகிரவும்.

3. பணியிடைநீக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்கு 50 விழுக்காடும், அடுத்த 90 நாட்களுக்கு 75 விழுக்காடும், 180 நாட்களைக் கடந்தால் முழு ஊதியமும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்பதை, விசாரணையை இழுத்தடிப்பவர்கள் கணக்கில் கொள்வதில்லை. இதற்கே அரை மணி நேரம் ஒதுக்கியுள்ளேன்.

4. வருகையை வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிலிடவும். கூட்ட இணைப்பு பதிலிட்டவர்களுக்குத் தனியே வரும்.

- ஒருங்கிணைப்பாளர்