குதிரை மலையும் அடியில ஒரு கிராமமும்

டேய் மாப்ள செந்தில்,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு நீ போட்டத பாத்தப்புறம் தான் நிம்மதியாச்சு, பிசியோவ மட்டும் நடுவுல விட்டுறாதீங்க, வலிக்குதுன்னு சொல்லி டபாய்ப்பாங்க, விடாத.

இங்க இங்கிலாந்துல, ஸ்விண்டன்ல எனக்கு அதே ஆபீஸ், அதே தூறல். போன வாரம் தான் பக்கத்துல உஃபிங்டன்னு ஒரு கிராமத்துக்குப் போனேன். குட்டி ஊரு, பக்கத்துலயே ஒரு மலை, பல வீடு அந்த மலையோட வெள்ளை சாக் கல்லுலயே கட்டினது, மேல வைக்கோல் கூரை, நம்ம சாக்பீஸ் ஜாதி கல்லு தான்டா, மழைல கரைஞ்சிடாதான்னு எனக்கு ஒரே டவுட்டு, கூரை சரியா இருந்தா தாங்குமாம். அந்த சாக் மலை பெய்யுற மழைய அப்படியே உறிஞ்சிக்கும், உள்ள எறங்குற தண்ணி அடியில களிமண்ணுல முட்டி மலையடிவாரத்துல ஊத்தா வெளிய வரும், அதனால தான் வுல்ஸ்டன் மாதிரி ஊரெல்லாம் அடிவாரத்துலயே வரிசையா உக்காந்திருக்கு.

மலைச் சரிவுல ஒரு வெள்ளைக் குதிரை உருவம் வரைஞ்சிருக்கு பாரு, 110 மீட்டர் நீளம். வெறுமனே புல்ல சீவி விட்டதில்லடா, பள்ளம் தோண்டி சாக்க இடிச்சு ரொப்பியிருக்காங்க. அந்த மண்ணுல கடைசியா எப்ப வெயில் பட்டுச்சுன்னு 1990கள்ல டெஸ்ட் பண்ணி, கிட்டத்தட்ட 3000 வருஷம்னு சொல்றாங்க. எதுக்கு வரைஞ்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது, கீழ நின்னு பாத்தா முழுசா தெரியக்கூட மாட்டேங்குது!

எனக்கு வயச விட பெரிய ஆச்சரியம் என்னன்னா, சுத்தம் பண்ணாம விட்டா புல்லு மூடிரும், அப்ப இத்தன தலைமுறையா யாராவது ஏறி ஏறி செதுக்கிட்டே இருந்திருக்கணும், ராஜா மாறி மதம் மாறி மொழியே மாறியும் விடல. முன்னாடி அத திருவிழாவாவே பண்ணி, சரிவுல சீஸ் உருட்டி விட்டு ஓடிப் புடிப்பாங்களாம் (கிறுக்குப் பயலுக). ரெண்டாம் உலகப்போர்ல மட்டும் ஜெர்மன் பிளேன் அடையாளம் வச்சிக்கக் கூடாதுன்னு மூடி வச்சிருந்தாங்க. இப்போ நேஷனல் டிரஸ்ட்னு பழைய இடங்கள பாதுகாக்குற அமைப்போட ஆளுங்களோட சாதாரண ஜனங்களும் போய் சுத்தியலால சாக் இடிக்கிறாங்க.

நீ கோடைல வர்றேன்னு சொன்னியே, தேதி சீக்கிரம் சொல்லு, சாக் இடிக்க ஆள் எடுத்தா ரெண்டு பேரு பேரையும் குடுத்துடறேன். தங்கச்சி வரன் விஷயம் என்னாச்சு, அத பத்தி ஒரு வரி கூட எழுதல நீ.

இப்படிக்கு,
உன் முரளி