புயலை நிறுத்தும் வழியையும் சேர்த்துக் கட்டுங்கள்

வார்கிராஃப்ட் 3 கணினி விளையாட்டுக்கு மேப் (ஆட்டக்களம்) உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். மேப் கட்டும் கருவியான வேர்ல்ட் எடிட்டரைத் திறந்த பலரும் முதலில் செய்து பார்க்க ஆசைப்படுவது, ஆர்ச்மேஜ் என்ற மந்திரவாதி ஹீரோவின் பனிப்புயல் மந்திரமான பிளிஸார்டைத்தான். டிரிகரில் (ஒரு நிகழ்வு நடந்ததும் இயங்கும் கட்டளைத் தொகுப்பில்) சொந்தமாகக் கட்டிவிட்டால் பனிக்குப் பதில் நெருப்பையோ அம்பையோ பொழிய வைக்கலாம். நானும் கட்டினேன்.

மறுநாள் தம்பியோடு விளையாடினேன். என் ஹீரோ புயலை ஏவியதும், அவனுடைய ஹீரோவான மௌண்டன் கிங், எதிரியை மயக்கும் ஸ்டார்ம் போல்ட்டை எறிந்தது. என் ஹீரோ மயங்கி நின்றது; பனி மட்டும் நிற்கவில்லை. "நான் சரியாகத்தானே அண்ணா அடித்தேன்?" என்றான். அவன் செய்தது முழுக்கச் சரி. அந்தக் கேள்விக்காகவே இந்த மடல்.

மூல விளையாட்டில் ஆர்ச்மேஜ் ஒரே இடத்தில் நின்று ஓதும்வரைதான் பனி பெய்யும். முதல் நிலையில் 6 அலைகள், பிறகு 8, பிறகு 10. அத்தனை வலிமைக்கும் விலை, அவர் அசையாமல் நிற்பதுதான். நாமோ டைமரை ஓடவிட்டு அலைகளை எண்ணுகிறோம். ஹீரோ ஓதுவதை நிறுத்தியதைக் கவனிக்கும் டிரிகரை எழுத மறந்துவிடுகிறோம். எதிராளியிடம் இருந்த ஒரே பதிலை நாமே பிடுங்கிக்கொள்கிறோம். 'ஸ்டாப்ஸ் காஸ்டிங்' (ஓதுவதை நிறுத்துதல்) நிகழ்வுக்கு ஒரு டிரிகர் எழுதி டைமரை நிறுத்தினால் போதும்.

தொடக்கத்திலும் இதே கவனம் வேண்டும். 'பிகின்ஸ் காஸ்டிங்' (ஓதத் தொடங்குதல்) நிகழ்வில் சேதத்தைக் கட்டினால், மந்திரத்துக்குச் செலவாகும் சக்தியான மனா கழிவதற்கு முன்பே புயல் கிளம்பிவிடும். விவரம் தெரிந்தவர் உடனே கட்டளையை ரத்து செய்து, மனா செலவே இல்லாமல் திரும்பத் திரும்பப் பொழிவார். 'ஸ்டார்ட்ஸ் தி எஃபெக்ட்' (மந்திரம் பலிக்கத் தொடங்குதல்) நிகழ்வைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது உச்சவரம்பு. ஓர் அலை மொத்தமாக எவ்வளவு சேதம் தரலாம் என்று மூல மந்திரத்தில் ஓர் எல்லை உண்டு. வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழுச் சேதம் என்று நாம் எழுதினால், நான்கு வீரர்களைத் தண்டிக்க வேண்டிய மந்திரம் இருபது பேர் கொண்ட படையையே துடைத்துவிடும். பெரிய படை திரட்டி வருபவருக்கு இது அநியாயம். ஒவ்வோர் அலையிலும் யூனிட்டுகளை முதலில் எண்ணுங்கள். மொத்தம் எல்லையைத் தாண்டினால் பங்கிட்டுக் கொடுங்கள். கூடுதலாக நான்கைந்து வரிகள்தான்.

இரண்டு ஹீரோக்கள் ஒரே நேரத்தில் ஏவும்போது குளோபல் மாறிகளில் (எல்லா டிரிகர்களுக்கும் பொதுவான மாறிகளில்) ஒருவருடைய மதிப்பை மற்றவருடையது அழிப்பதையும், அலைதோறும் உருவாக்கும் பாயின்டுகளையும் (இடக்குறிகளையும்) யூனிட் குரூப்புகளையும் நீக்காமல் விடுவதால் ஆட்டம் மெல்ல மெல்லத் திணறுவதையும் அறிவீர்கள். 2009இல் 1.24 பதிப்போடு ஒவ்வொரு ஹீரோவின் மதிப்புகளையும் தனித்தனியே சேமிக்க உதவும் ஹாஷ்டேபிள் வந்த பிறகு முதல் சிக்கலுக்குச் சாக்கே இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மேப்பை வெளியிடும் முன் ஒருமுறையாவது எதிரணியில் உட்காருங்கள். உங்கள் புயலுக்குள் நின்று பாருங்கள். விலகி ஓட நேரம் இருக்கிறதா, ஏவியவரை மயக்கினால் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

என் மேப்பைத் திருத்திவிட்டேன். நேற்று மூன்றாவது அலையிலேயே தம்பி புயலை நிறுத்திவிட்டான்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு மேப் உருவாக்குபவன்