உரையாடலை வைத்து நிறுத்தக்குறிகளைச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில இலக்கணப் பயிற்சிகளை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நிறுத்தக்குறிப் பயிற்சி எப்போதும் தனித்தனி வாக்கியங்களாகவே வருகிறது. செய்திக்கும் கட்டளைக்கும் முற்றுப்புள்ளி, வினாவுக்குக் கேள்விக்குறி, உணர்ச்சிக்கு ஆச்சரியக்குறி. இதைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வதை எழுதச் சொன்னால்தான் திணறுகிறார்கள்.

அதற்குச் சோம்பல் காரணமல்ல. 'ஆத்துல தண்ணி வந்துடுச்சா' என்று எழுதினால் கேள்விக்குறி இல்லாமலே அது கேள்விதான். பேச்சு முடியும் இடத்தை 'என்று' காட்டிவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் நமக்கு இல்லை. தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கும் ஓலைச்சுவடிகளை நம் முன்னோர் இந்தக் குறிகள் ஏதுமின்றித்தான் படித்தார்கள். ஆங்கிலத்தில் பேச்சையும் பேசியவரையும் பிரித்துக் காட்டுவது குறிகளின் வேலை. விதிகளுக்கு முன்னால் இதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும்.

மேட்டூர் திறந்த பிறகு எந்த டீக்கடையிலும் கேட்கும் பேச்சையே எடுத்துக்கொள்ளலாம்.

"ஹேஸ் த வாட்டர் கம்?" ஹி ஆஸ்க்ட்.

"நாட் யெட்," ஷி செட். "த ஷட்டர் இஸ் ஸ்டில் க்ளோஸ்ட்."

கேள்விக்குறி மேற்கோளுக்கு உள்ளே நிற்கிறது. அது இருப்பதால் காற்புள்ளி தேவையில்லை. வாக்கியம் இன்னும் முடியாததால் அடுத்து வரும் 'ஹி' சின்ன எழுத்தில்தான் தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகள் பெரிய எழுத்துப் போட்டுவிடுவது இங்கேதான். பேசுபவர் மாறினால் புதிய பத்தி. 'நாட் யெட்' முடிந்துபோன பேச்சு என்றாலும் 'ஷி செட்' தொடர்வதால் அங்கே காற்புள்ளி வருகிறது. 'த ஷட்டர்' புது வாக்கியம் என்பதால் பெரிய எழுத்து. ஒரே வாக்கியத்தை நடுவில் உடைத்தால் கதை வேறு: "இஃப் இட் ரெயின்ஸ்," ஹி செட், "வி வில் வெயிட்." இங்கே இருபுறமும் காற்புள்ளி, 'வி' சின்ன எழுத்து.

இதையே அயற்கூற்றாக்கினால், ஹி ஆஸ்க்ட் வெதர் த வாட்டர் ஹேட் கம். உள்ளே கேள்வி இருந்தாலும் முடிவில் முற்றுப்புள்ளிதான், ஏனென்றால் அவர் கேட்டார் என்ற செய்தியைத்தான் நாம் சொல்கிறோம். பள்ளிகளில் நேர்க்கூற்று, அயற்கூற்றை ஒரு பாடமாகவும் நிறுத்தக்குறியை வேறொரு பாடமாகவும் நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால், சேர்த்து நடத்தினால்தான் இரண்டும் மனதில் நிற்கும்.

இன்னொன்று. பிரிட்டனில் அச்சாகும் கதைப்புத்தகங்களில் பெரும்பாலும் ஒற்றை மேற்கோள், அமெரிக்கப் புத்தகங்களில் இரட்டை. முதலிலிருந்து கடைசி வரை ஒரே முறையில் எழுதிய பிள்ளைக்கு இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

வாரம் ஒரு முறை, பத்து வரி உரையாடல் ஒன்றைக் குறிகளே இல்லாமல் அச்சிடுங்கள். நடவு வயல், ரேஷன் கடை, கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் என்று பிள்ளைகள் அறிந்த இடங்களில் அது நடக்கட்டும். இருவர் சேர்ந்து வாய்விட்டுப் படித்தபின் குறிகளைப் போடச் சொல்லுங்கள். மறுவாரம் விடையோடு, ஒவ்வொரு குறியும் ஏன் அங்கே வந்தது என்பதற்கு ஒருவரிக் காரணமும் வேண்டும். அந்தக் காரணத்தை மட்டும் இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி.