ஆணிகளை எண்ணும் முன் தண்ணீரைப் பாருங்கள்: கடல், வான் ஓவியக் கண்காட்சிகளின் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். பழங்காலக் கப்பல்களையும் பறக்கும் படகுகளையும் (படகு போன்ற அடியோடு தண்ணீரிலிருந்தே எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும் விமானங்கள்) நீர்வண்ணத்தில் வரைந்து உங்கள் கண்காட்சிகளுக்கு அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். சில படங்கள் தேர்வாகியிருக்கின்றன, பல திரும்பி வந்திருக்கின்றன. திரும்பி வந்தவற்றுக்காக இந்த மடலை எழுதவில்லை. தேர்வாகிச் சுவரில் தொங்கியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் ஒவ்வொரு கயிறும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. விமானத்தின் பதிவெழுத்துகள் சரி, ஜன்னல்களின் எண்ணிக்கையும் சரி. ஆனால் கப்பல் போகும் விதத்துக்கும் வீசும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பறக்கும் படகோ, கண்ணாடி மேசையில் எடுத்து வைத்த பொம்மை மாதிரி தண்ணீரின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மாதிரிக் கப்பலையோ பழைய புகைப்படத்தையோ பார்த்து வரைந்து, மிச்சமிருந்த இடத்தில் நீலம் பூசியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. நீங்கள் கயிற்றைச் சரிபார்க்கிறீர்கள், தண்ணீரைச் சரிபார்ப்பதில்லை. என் புகார் இவ்வளவுதான்.

'தண்ணீர் ஓவியரின் கற்பனை, அதில் சரி என்ன, தவறு என்ன' என்று ஒரு நடுவர் என்னிடமே கேட்டிருக்கிறார். கயிற்றுக்கு இருக்கும் அளவுக்குத் தண்ணீருக்கும் கணக்கு இருக்கிறது. ஓடும் கப்பல் எழுப்பும் அலையின் நீளத்தை அதன் வேகமே தீர்மானிக்கிறது. 1869-இல் நீரில் இறங்கிய கட்டி சார்க் என்ற பிரிட்டிஷ் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் நீளம் ஏறத்தாழ 65 மீட்டர். 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தில் அது எழுப்பும் அலைகளின் முகட்டுக்கு முகடு சுமார் 17 மீட்டர் இருக்கும். அப்படியானால் கப்பலின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட நான்கு அலைகள் தெரிய வேண்டும். வேகம் 15 நாட் ஆனால் அலை 38 மீட்டராக நீண்டுவிடும், பக்கவாட்டில் இரண்டு அலைக்குக்கூட இடம் இருக்காது. முகப்பில் ஒரு முகடு, அதற்குப் பின்னால் ஆழமான பள்ளம், நடுவைச் சற்றுத் தாண்டியதும் மறுபடி ஒரு முகடு. எல்லாப் பாயும் விரித்துப் பறக்கிற கப்பலின் ஓரத்தில் குட்டிக் குட்டி அலைகளை வரிசையாக வரைந்தால், பாய்கள் ஒரு வேகத்தைச் சொல்லும், தண்ணீர் இன்னொரு வேகத்தைச் சொல்லும்.

கப்பலுக்குப் பின்னால் விரியும் தடத்துக்கும் கணக்கு உண்டு. ஆழமான நீரில் கப்பல் மெதுவாகப் போனாலும் விரைந்து போனாலும் அந்த விசிறியின் கோணம் மாறுவதில்லை, இருபுறமும் சேர்த்துச் சுமார் 39 பாகை. இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1887-இல் கணக்குப் போட்டுக் காட்டியது இது. படகுத்துறையில் நின்று பார்த்தால் கணக்கே வேண்டாம், கண்ணுக்கே பழகிவிடும்.

கொடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. பின்காற்றில் ஓடும் பாய்மரக் கப்பல் காற்றைவிட மெதுவாகத்தான் போகும். ஆகவே அதன் கொடி முன்னோக்கிப் பறக்க வேண்டும். பாய்கள் முன்பக்கம் புடைத்திருக்க, கொடி மட்டும் பின்பக்கம் படபடக்கும் படங்களுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

அடிவானமும் ஒரு சாட்சி. சிறு படகில் உட்கார்ந்து, நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் நிலையில் வரைந்தால், அமைதியான கடலில் அருகிலுள்ள கப்பலாக இருந்தாலும் சற்றுத் தள்ளி நிற்பதாக இருந்தாலும், அதன் உடலை அடிவானக் கோடு அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் வெட்டும். ஒரே படத்தில் ஒரு கப்பலை மேலிருந்தும் இன்னொன்றைக் கீழிருந்தும் பார்க்கிற ஓவியங்கள் ஏராளம். இரண்டு வெவ்வேறு புகைப்படங்களிலிருந்து வந்தவை, வேறென்ன.

சரி, பறக்கும் படகுகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். அவற்றை விமானம் என்று நினைத்தே வரைகிறார்கள், விமானம் என்று நினைத்தே நீங்களும் மதிப்பிடுகிறீர்கள். பறக்கும் படகின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். நடுவில் குறுக்கே ஒரு படி வெட்டியிருக்கும். புறப்படும்போது முதலில் அது தண்ணீரை உழுதுகொண்டு போகும், மூக்கு மேலே தூக்கி நிற்கும், இருபுறமும் சாரல் அடிக்கும். எஞ்சின்களை இறக்கையின் மேல்மட்டத்தில் அவ்வளவு உயரத்தில் வைத்ததற்கு இந்தச் சாரல் ஒரு முக்கியக் காரணம். வேகம் கூடக்கூட உடல் மேலெழும்பி அந்தப் படியின்மேல் சறுக்க ஆரம்பிக்கும். படிக்குப் பின்னால் தண்ணீர் உடலை விட்டுப் பிரிந்துவிடும், சாரல் பின்னுக்கு நகரும், மூக்கு தாழும். கடைசியில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும், அப்புறம் அதுவும் இல்லை.

ஆக, சாரல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்தே அந்தப் படகு புறப்பாட்டின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மூக்கு நிமிர்ந்திருக்க, சாரல் மட்டும் வாலுக்கடியில் எழும் படம் ஒன்று என் நினைவில் இருக்கிறது. பதிவெழுத்துகள் அச்சு மாதிரி இருந்தன.

இன்னொன்று. காற்றே இல்லாத கண்ணாடிக் கடலிலிருந்து எழும்புவது பறக்கும் படகுகளுக்குச் சிரமம், வழவழப்பான நீர் அடிப்பகுதியை விடாமல் பற்றிக்கொள்ளும். சில நேரங்களில் ஒரு விசைப்படகை முன்னால் ஓடவிட்டு, அது கலக்கிய அலைமேல் ஓட்டிக் கிளப்புவார்கள். கண்ணாடி நீர்ப்பரப்பில் தன் பிம்பத்தின்மேல் அழகாக எழும்பும் விமானத்தை வரைகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் அந்த விசைப்படகையும் வரைந்திருப்பார்கள். படமும் சுவாரசியமாகியிருக்கும்.

துறைமுகக் காட்சிகளிலும் இதே கதை. நங்கூரமிட்ட கப்பலின் உடல் நீருக்குள் ஆழமாக இருப்பதால் நீரோட்டம் அதைத் திருப்பும். பறக்கும் படகு நீரில் கொஞ்சமே அமிழ்ந்து, பெரிய இறக்கையும் வாலும் காற்றுக்குக் காட்டி நிற்பது, ஆகவே பெரும்பாலும் காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும். ஓட்டமும் காற்றும் எதிரெதிராக இருக்கும் நேரத்தில் இரண்டும் ஒரே துறைமுகத்தில் வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்கலாம். அதைப் பார்த்து வரைந்தவரைத் 'திசை குழம்பியிருக்கிறது' என்று நிராகரிக்காதீர்கள்.

கூடவே, எல்லாப் பறக்கும் படகுகளுக்கும் இறக்கை நுனி மிதவை ஒரே மாதிரி என்று நினைக்கக் கூடாது. கேட்டலினா என்ற பறக்கும் படகின் மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். 1929-இல் முதன்முதலாகப் பறந்த டோர்னியர் டோ எக்ஸுக்கு இறக்கை மிதவையே கிடையாது, உடலின் இருபுறமும் குட்டை இறக்கை போலப் புடைத்த பகுதிகள்தான் அதை நீரில் நிமிர்த்தி வைத்தன. அதே ஆண்டு அக்டோபரில் 169 பேரை ஏற்றிக்கொண்டு எழும்பிய பிரம்மாண்டம் அது. போயிங் 314-இலும் இதே ஏற்பாடுதான். இவையெல்லாம் விமானத்தின் விவரமா, தண்ணீரின் விவரமா? இரண்டும்தான். மிதவை என்பது தண்ணீருக்காக இருக்கும் உறுப்பு.

இதையெல்லாம் துல்லியம் வேண்டும் என்பவர்களின் பக்கம் நின்றே சொல்கிறேன். துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை எங்கே தேடுவது என்பதில்தான் வழக்கு. பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் ஆந்துவான் ரூ என்ற ஓவியரும் அவர் மகன்களும் கப்பல்களை நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். அப்படிப்பட்ட படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் கப்பல் தலைவர்களும் உண்டு. கயிறு தவறினால் அவர்கள் விடமாட்டார்கள், பாயும் கடலும் ஒத்துப்போகாவிட்டாலும் விடமாட்டார்கள். உங்களுக்கு முதல் பாதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

நீர்வண்ணம் என்பதற்கே இதில் ஒரு பங்கு உண்டு. இந்த ஊடகத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். நுரையும் சாரலும் எங்கே என்று முதலிலேயே முடிவு செய்து அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், அல்லது காய்ந்த பிறகு பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். அதாவது தண்ணீரைத் தெரிந்துகொள்ளாமல் முதல் பூச்சே பூச முடியாது. கயிறுகளிலிருந்து தொடங்குகிறவர் தண்ணீரைக் கடைசியில் ஒட்டவைக்கிறார், வெள்ளை கோவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் அடர்த்தியான நீர்வண்ணம்) எடுத்து நுரையை மேலே தடவுகிறார். கோவாஷ் தவறு என்று சொல்லவரவில்லை. ஆனால் இப்படிச் செய்த படத்தில் நுரை மேலே மிதப்பது தெரியும்.

1818-இல் ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த ஒரு போர்க்கப்பல் நீர்வண்ணம் இருக்கிறது, சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் முதல்தரப் போர்க்கப்பல். கப்பல் எவ்வளவு பெரியது என்று புரியவைக்க ஒரு படம் வேண்டும் என்று நண்பர் ஃபாக்ஸ் கேட்க, காலை உணவுக்குப் பிறகு ஆரம்பித்து மதிய உணவுக்குள் முடித்தாராம். பக்கத்தில் இருந்து பார்த்த ஃபாக்ஸின் மகன் சொன்னபடி, முதலில் காகிதம் நனைந்து ஊறும்வரை வண்ணத்தை ஊற்றினார், பிறகு சுரண்டினார், கீறினார், கடைசியில் கப்பல் வெளியே வந்தது. முழுக் கப்பல்கூட அதில் இல்லை, காகிதத்தின் ஓரம் அதை வெட்டிவிடுகிறது. நம் கண் கீழே நீர்மட்டத்தில் இருக்கிறது, சிறு படகுகளுக்கு மேல் அந்த உடல் சுவராக எழும்புகிறது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'கப்பல் முழுமையாகத் தெரிய வேண்டும்' என்று ஒரு விதி உண்டு. அந்த விதி இந்தப் படத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

வண்ணத்தில் மட்டும் நீங்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். 1930-களுக்கு முந்தைய புகைப்படங்களில் பலவும் சிவப்பை உணராத படச்சுருளில் எடுத்தவை. அதில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். அந்தப் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'பட்டை கறுப்பாக இருக்க வேண்டும்' என்று ஓவியரைத் திருத்துவது ஆபத்தான வேலை. இன்றும் பாதுகாக்கப்படும் பிரிட்டனின் பழைய போர்க்கப்பலான விக்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பூச்சு அடுக்குகளை ஆராய்ந்து 2015-இல் அதற்கு மறுபடி வண்ணம் பூசியபோது, எல்லோருக்கும் பழகிப்போன அழுத்தமான மஞ்சள் போய் வெளிறிய நிறம் வந்தது. கப்பலே கண்ணெதிரில் இருந்தும் இந்த நிலை. பளபளக்கும் உலோக உடல் கொண்ட பறக்கும் படகுகளுக்கோ சொந்த நிறமே குறைவு, மேல்பாதி வானத்தை வாங்கிக்கொள்ளும், கீழ்ப்பாதி தண்ணீரை வாங்கிக்கொள்ளும். அதற்கு ஒரே சாம்பல் பூசியவருக்கு 'நிறம் சரி' என்று மதிப்பெண் போடுவது எனக்கு விளங்கவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விண்ணப்பப் படிவத்தில் கப்பலின் பெயர், கட்டிய ஆண்டு, ஆதாரப் புகைப்படம் என்று கேட்கிறீர்கள். அவற்றோடு காற்று எந்தப் பக்கமிருந்து, கலம் என்ன வேகத்தில், கடல் எந்த நிலையில் என்ற மூன்று கேள்விகளையும் சேருங்கள். பதில் எழுத முடியாதவருக்குப் படத்தைத் திருத்த அங்கேயே ஒரு வாய்ப்பு கிடைத்துவிடும். 'முழுமையாகத் தெரிய வேண்டும்' என்ற விதியை எடுத்துவிடுங்கள். குழுவில் கப்பல் வரலாறு தெரிந்தவர் இருக்கிறார், விமான வரலாறு தெரிந்தவரும் இருக்கிறார், நல்லது. துடுப்போ பாயோ பிடித்துப் பழகிய ஒருவரையும் உட்காரவையுங்கள், அவருக்கு ஓவியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த அழைப்பு வெளியாகும் முன் படிவத்தை மாற்ற முடியுமா, முடியாதா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
நீர்வண்ணத்தில் கப்பல் வரையும் ஒருவன்