ஏரிக்கரைக்கு ஐந்து மணி நேரம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். எனக்குப் பாடவேளை குறைந்தபோது, அதை ஈடுகட்ட சுற்றுச்சூழல் கல்வித் தாளைக் கொடுத்தார்கள். பல கல்லூரிகளில் இந்தத் தாள் இப்படித்தான் கைமாறுகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

இது சும்மா கிடைத்த தாள் இல்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2003இல் மறுபடியும் வலியுறுத்திக் கிடைத்தது. ஸ்பெயினில் பார்சிலோனா பல்கலைக்கழக மாணவர்கள் 2022இல் வளாகத்திலேயே முகாமிட்டுப் போராடித்தான் காலநிலைப் பாடத்தைக் கட்டாயமாக்க வைத்தார்கள். அமெரிக்காவில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2024இல்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாம் அவர்களுக்கு இருபது ஆண்டு முன்னால் இருந்தோம்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அன்று வகுத்த பாடத்திட்டத்தில் 50 பாடவேளை. அதில் 5 களப்பணிக்கு. 100 மதிப்பெண்ணில் 25 அதற்குத்தான். குளம், ஆறு, மலைச்சரிவு, செடி, பூச்சி, பறவை என்று எதைப் பார்க்க வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தார்கள். எங்கள் கல்லூரியில் அந்த 25 மதிப்பெண், போன வருட ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதாக மாறிப்போனது. நானும் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கு மாணவர்களை அழைத்துப் போனேன். வகுப்பில் வாய் திறக்காத பையன் ஒருவன் முன்னால் நடந்தான். இது மதகு, இது மிகைநீர் வழியும் கலங்கல், ஏரிக்குத் தண்ணீர் வரும் இந்த வரத்துக்கால்வாயை மூடித்தான் மனை போட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னான். முக்குளிப்பான் பறவை மூழ்கி வேறெங்கோ எழுந்ததைப் பார்த்து எல்லோரும் கத்தினார்கள். உணவுச்சங்கிலியை நான் கரும்பலகையில் மூன்று முறை வரைந்தும் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

ஆகவே கேட்கிறேன். களப்பணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே காட்டச் சொல்லுங்கள். மொத்த நேரத்தில் பாதியாவது அதற்கு வேண்டும். நோட்டுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கல்லூரியும் அருகிலுள்ள ஒரு நீர்நிலையை ஆண்டுதோறும் பதிவு செய்யட்டும். ஏரியில் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியை மதிப்பூதியம் கொடுத்து வகுப்பெடுக்கக் கூப்பிட அனுமதியுங்கள். பேருந்துச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். பெரிய தொகை தேவைப்படாது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுகிறேன். எங்கள் ஏரியின் கலங்கல் பக்கம் இந்த ஆண்டும் மண் கொட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்