பொன்மணியின் புத்தகங்கள்

ராயபுரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேடு மறுபடி களைகட்டிவிட்டது. வஞ்சிரம் விலைதான் கிட்டே நெருங்க விடவில்லை.

பொன்மணியைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிளஸ் டூ படிக்கிற பெண் கல்வெட்டு, பறவை, சட்டம் என்று கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறாள், கணக்கு ஒன்றையே பிடித்துக்கொண்டால்தான் உருப்படுவாள் என்கிறாய். ராமானுஜனைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். சரி, அவரையே பார்ப்போம்.

கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல், பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர்தான் அவர். 1912இல் நம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அவரைக் கண்டுகொண்டது யார் என்று யோசித்தாயா? தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். வரவு செலவு எழுதுவதோடு நிற்காமல் கணிதத்தையும் விடாமல் படித்து வந்தவர். சாயங்காலங்களில் ராமானுஜனோடு சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அப்புறம் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் பொறியாளர், பார்த்த வேலை கப்பலும் கரையும். ஆனாலும் இந்தக் குமாஸ்தாவுக்காகப் பெரிய இடங்களில் பேசினார், எழுதினார். 1913இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அந்த இருவரும் தங்கள் வேலை உண்டு தாங்கள் உண்டு என்று இருந்திருந்தால், ராமானுஜன் பேரேட்டோடு போயிருப்பார். நீ ராமானுஜனை மட்டும் பார்க்கிறாய். எனக்கு நாராயண ஐயர்களும் வேண்டும்.

எண்ணூரையும் யோசித்துப் பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் தார் போல அப்பிக்கொண்டது. அது எந்தப் பாடம், சொல்? சேற்றில் இறங்கிய எண்ணெய் என்ன ஆகும் என்று வேதியியல்காரர் சொல்லலாம். இறால் குஞ்சு அந்தச் சேற்றில்தான் வளர்கிறது என்பது அவருக்குத் தெரிந்தால்தானே சரியான இடத்தில் சோதிப்பார்? நம் மீனவர்களைப் பார். கடல் ஏற்றம் வற்றத்திலிருந்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவது வரை கற்றுக்கொண்டு பேசுகிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நுனிப்புல் மேய்கிறவர்கள் எனக்கும் ஆகாது. பொன்மணி கணக்கில் ஆழமாகவே போகட்டும். விடை வராத கணக்கோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டும் பொறுமை அவளுக்கு வர வேண்டும். அதற்காக ராத்திரி அவள் கையிலிருக்கும் பறவைப் புத்தகத்தைப் பிடுங்காதே.

கல்வெட்டில் எந்தக் காலத்தைப் பற்றி வாசிக்கிறாள் என்று கேட்டு எழுது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கிறேன். பொங்கல் லீவில் அவளை அழைத்துக்கொண்டு வா. பழவேற்காட்டில் பூநாரை பார்க்கலாம். பரீட்சைக்கு முன்னால் இரண்டு நாள் போனால் குடி முழுகிவிடாது.

அன்புடன்,
முருகேசன்